எரிபொருள் நிலையமும் மின்னேற்று நிலையமும்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் எந்திரத்தின் வளர்ச்சியை விரிவாகக் கூறுவர். அவ்வெந்திரத்துக்கு உணவூட்டும் நிலையத்தைப் பற்றிக் கூறுவது அரிது. நாடோறும் கண்ணிற் படும் ஒன்று கருத்திற் படாது போதல் இயல்பே. ஆயினும் 2022 ஆம் ஆண்டிலே, அந்நியச் செலாவணி அற்றுப்போன வேளையில், எரிபொருள் நிரப்பு நிலையம் நமது நாளாந்த வாழ்வை எத்துணை இறுகப் பிணித்துள்ளது என்பதை இலங்கை மக்கள் அனைவரும் உணர்ந்தனர். நாட்கணக்கில் நீண்ட வரிசைகளும், அவ்வரிசைகளிலே நின்றவாறு உயிர்நீத்த முதியவர்களும், பின்னர் நடைமுறைக்கு வந்த கியூஆர் பங்கீட்டு முறையும் நம் நினைவினின்றும் எளிதில் அகலமாட்டா.

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் நமது வீதிகளில் மின்கார்கள் பெருகி வருகின்றன. அதனோடு ஒரு வினாவும் எழுந்துள்ளது: எரிபொருள் நிலையங்களுக்கு ஈடாக எத்தனை மின்னேற்று நிலையங்கள் வேண்டும்? இவ்வினாவைக் கேட்போர், ஒன்றில் திரவமும் மற்றொன்றில் மின்சாரமும் விற்கப்படுகின்றன என்பதைத் தவிர, இரண்டும் ஒரே வகையான நிறுவனங்களே எனக் கொள்கின்றனர். அக்கொள்கை பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எரிபொருள் நிலையம் தேக்கிவைத்த பொருளை விற்கும் இடம்; மின்னேற்று நிலையமோ வண்டி ஓய்ந்து நிற்கும் நேரத்தைப் பயன்படுத்தும் இடம். இவ்வேறுபாட்டை உணராது திட்டமிடுவோர் தவறான இடத்தில் பெருஞ்செலவு செய்வர். அதன் பயனும் ஏற்கெனவே வசதியுடையோரையே சென்றடையும்.

எரிபொருள் நிலையத்தின் தோற்றம்

எரிபொருள் நிலையம் மோட்டார் வண்டியுடன் கூடப் பிறந்ததன்று. 1888 ஆம் ஆண்டிலே பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் ஆக்கிய வண்டியில் நெடும்பயணம் சென்றபோது, ஜேர்மனியின் வீஸ்லொக் என்னும் ஊரிலிருந்த மருந்துக் கடையிலேதான் எரிபொருள் வாங்கினார். அக்காலத்தில் அத்திரவம் துணிகளின் கறை நீக்கும் பொருளாக விற்கப்பட்டது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் பலசரக்குக் கடைகளிலும் கொல்லர் பட்டறைகளிலும் தகரங்களிற் பெற்றோல் விற்கப்பட்டு வந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே சில்வானஸ் பவுசர் என்பார் 1885 இல் மண்ணெண்ணெயை அளந்து ஊற்றும் பம்பி ஒன்றை ஆக்கினார். பெற்றோலை அளந்து வழங்கும் பம்பிகள் அதன் வழிவந்தவையே. எண்ணெய் கொண்டுவரும் கொள்கல வண்டியைப் ‘பவுசர்’ என நாம் இன்றும் வழங்குவது அவர் பெயரின் எச்சமாகும். வண்டிகள் உள்ளே புகுந்து நிரப்பிச் செல்வதற்கெனவே கட்டப்பட்ட நிலையம் 1913 டிசம்பரில் பிற்ஸ்பேக் நகரில் திறக்கப்பட்டது. ஆகவே, வண்டி முதலில் வந்தது. கிடைத்த இடங்களில் எரிபொருள் பெறப்பட்டது. வண்டிகள் பெருகிய பின்னரே தனி நிலையம் தோன்றிற்று. மின்கார்களுக்கு நிலையங்கள் முழுமையாக அமைந்த பின்னரே அவற்றை வாங்கலாம் என்போர் இவ்வரலாற்று ஒழுங்கை நோக்குதல் நன்று.

மின்கார் என்பதும் புதுமையானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின்வண்டிகள் பல ஓடின. ஹாட்பேட் நகரின் மின்னொளிக் கம்பனி, 1924 வரை, வெறுமையான மின்கலவடுக்கைக் கழற்றி நிறைந்த ஒன்றை மாற்றிக் கொடுக்கும் சேவையை மின் பாரவண்டிகளுக்கு நடத்தியது. பற்றரி மாற்றீடு எனப் புதிதாகப் பேசப்படும் முறை நூறாண்டுகளுக்கு முற்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

தேக்கமும் ஓட்டமும்

இரு முறைகளையும் ஒப்பிடுதற்குச் சில கணிப்புகள் இன்றியமையாதன. ஓர் இலீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 8.9 கிலோவாற்று மணிக்குச் சமமான வெப்பச் சக்தி அடங்கியுள்ளது. நிலையத்துப் பம்பி நிமிடத்துக்கு 35 இலீற்றர் வழங்குகின்றது எனக் கொண்டால், அக்குழாயினூடாகச் செல்லும் வலு ஏறத்தாழ 19 மெகாவாற்று ஆகும். சாதாரண மனிதர் ஒருவர் ஒரு கையாற் பிடித்திருக்கும் குழாயொன்று சிறு நகரமொன்றின் மின்தேவைக்கு ஒப்பான வலுவைக் கடத்துகின்றது. இத்தகைய வசதியை மானிடர் வேறெந்த வகையிலும் பெற்றதில்லை எனலாம்.

இதனைப் போன்றே தேக்கத்தின் அளவும் வியப்புக்குரியது. 33,000 இலீற்றர் கொள்ளும் பவுசர் ஒன்று சுமந்துவரும் பெற்றோலின் வெப்பச் சக்தி ஏறத்தாழ 290 மெகாவாற்று மணியாகும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாற்றுப் பொறியொன்று முழுவலுவில் ஒருமணி நேரம் இயங்கித் தரும் மின்சாரத்துக்கு அது கிட்டத்தட்டச் சமமாகும். நிலத்தின்கீழ் அமைந்த தாங்கிகளில் இத்தகைய சக்தியை வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். காலையில் வந்த பொருளை மாலையில் விற்கலாம்.

ஆனால் இக்கணிப்பின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். பெற்றோல் எந்திரம் நகர வீதியில் தான் பெற்ற சக்தியில் நான்கில் ஒரு பங்கையோ அதற்குக் குறைவாகவோதான் சில்லுகளுக்கு அளிக்கின்றது. எஞ்சியது வெப்பமாகிக் காற்றிற் கலக்கின்றது. மின்மோட்டரின் வினைத்திறன் அதனினும் மிக உயர்ந்தது. இதனாலேயே பெற்றோல் கார் 100 கிலோமீற்றர் செல்வதற்கு 7 இலீற்றர், அதாவது 62 கிலோவாற்று மணி, வேண்டியிருக்க, மின்கார் அதே தூரத்தை ஏறத்தாழ 16 கிலோவாற்று மணியில் கடந்துவிடுகின்றது.

மின்னேற்றும் வழிகள் மூவகைப்படும். முதலாவது, வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகி. 230 உவோற்று அழுத்தத்தில் 10 அம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாற்று கிடைக்கும். இழப்புகளைக் கழித்தால் ஒருமணி நேர ஏற்றம் 13 கிலோமீற்றர் தூரத்துக்குப் போதுமானது. இரண்டாவது, 32 அம்பியர் கொண்ட தனிச்சுற்றில் பொருத்தப்படும் சுவர்ப்பொறி. இது 7.4 கிலோவாற்று அளிக்கும். ஒருமணி நேரத்துக்கு 40 கிலோமீற்றர் பெறலாம். இவ்விரண்டும் ஆடலோட்டத்தையே வண்டிக்குத் தருகின்றன. அதனை நேரோட்டமாக்கும் சீராக்கி வண்டியினுள்ளே உள்ளது. அச்சீராக்கி சிறியதாகையால் ஏற்றமும் மெதுவானது. மூன்றாவது, பெரிய சீராக்கியை நிலத்திலேயே நிறுவி, நேரோட்டத்தை மின்கலவடுக்குக்கு நேரே செலுத்தும் விரைவுப்பொறி. இவை 50 கிலோவாற்றிலிருந்து 350 கிலோவாற்று வரை ஆற்றலுடையன. 150 கிலோவாற்றுப் பொறி தன் உச்சநிலையில் நிமிடத்துக்கு 15 கிலோமீற்றர் தரும். பெற்றோல் பம்பியோ நிமிடத்துக்கு 500 கிலோமீற்றர் தருகின்றது.

இவ்விடத்திற் பலர் ஒப்பீட்டை முடித்துக்கொண்டு, மின்கார் தோற்றது எனத் தீர்ப்பளிப்பர். ஆனால் நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்குச் சாதாரண மின்செருகியில் மூன்றுமணி நேர ஏற்றமே போதும். அவ்வண்டி நாளின் இருபத்து நான்கு மணியில் இருபது மணிக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் சும்மா நிற்கின்றது. வண்டியின் உரிமையாளர் அதற்கெனச் செலவிடும் நேரம், செருகியைப் பொருத்தவும் கழற்றவும் ஆகும் சில வினாடிகளே. பெற்றோல் வாங்குவதற்கோ அவர் நிலையத்துக்குச் சென்று வரிசையில் நின்று மீளல் வேண்டும். எனவே வேகத்தை மட்டும் ஒப்பிடுதல் போதாது. யாருடைய நேரம் செலவாகின்றது என்பதையும் ஒப்பிடுதல் வேண்டும்.

காத்திருப்பின் கணிதம்

வீட்டிலே ஏற்ற முடியாத வேளையிலும் தூரப் பயணத்திலும் விரைவுப்பொறியே துணையாகும். இங்குதான் எரிபொருள் நிலையத்தின் மேம்பாடு தெளிவாகின்றது. பெற்றோல் நிரப்ப வருபவர் பம்பியின் அருகில் ஐந்து நிமிடம் நிற்பார் எனக் கொள்வோம்; ஒருமணி நேரத்தில் ஒரு பம்பி பன்னிரண்டு வண்டிகளுக்குச் சேவை செய்யும். விரைவுப்பொறியில் ஒரு கார் அரைமணி நேரம் நிற்குமாயின் ஒருமணி நேரத்தில் இரு கார்களே பயன்பெறும். அதாவது ஒரு பம்பிக்கு ஆறு பொறிகள் ஈடாகும். எட்டுப் பம்பிகளைக் கொண்ட நிலையத்தை அப்படியே மின்மயமாக்குவதாயின் 48 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 150 கிலோவாற்றாயின் மொத்தம் 7.2 மெகாவாற்று. அவ்வலுவைக் கொணர்வதற்கு உயரழுத்தக் கம்பிகளும் தனி நிலைமாற்றிகளும் வேண்டும். நிலத்தின் விலையினும் இவற்றின் செலவே மேலோங்கக் கூடும்.

டென்மார்க்கின் ஏர்லாங் என்னும் கணிதவியலாளர் 1909 இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து வகுத்த வரிசைக் கோட்பாடு இங்கு நமக்கு உதவுகின்றது. வருகையும் சேவை நேரமும் ஒழுங்கின்றி அமையும் ஒற்றைச் சேவை முனையிலே, அது பாதி நேரம் பயன்பாட்டிலிருந்தால், வருபவர் சராசரியாக ஒரு சேவை நேரம் காத்திருப்பார். பத்தில் ஒன்பது பங்கு நேரம் பயன்பாட்டிலிருந்தால் ஒன்பது மடங்கு காத்திருப்பார். ஐந்து நிமிடச் சேவைக்கு ஒன்பது மடங்கு என்பது முக்கால் மணி; அரைமணிச் சேவைக்கோ நாலரை மணி. இதனாலே, தனியொரு பொறியை ஊருக்கு ஊர் நிறுவுவதிலும், பல பொறிகளை ஓரிடத்திற் சேர்த்து நிறுவுதல் காத்திருப்பைப் பெரிதும் குறைக்கும். ஒன்று பழுதுற்றாலும் மற்றவை இயங்கும் என்பது மேலதிக நன்மை.

விரைவேற்றத்துக்கு இயற்கையே இட்ட எல்லையும் உண்டு. இலிதியம் அயன்கள் எதிர்மின்வாயிலுள்ள காரீயகப் படைகளினுள் புகுந்து அமர்வதற்கு நேரம் வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் செலுத்தினால் அவை உலோகமாக மேற்பரப்பிற் படிந்து மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே ஏறத்தாழ நூற்றுக்கு 80 நிறைந்தபின் ஏற்றம் மெதுவாகும்படி வண்டியே கட்டுப்படுத்துகின்றது. பெற்றோல் தாங்கியை விளிம்புவரை ஒரே வேகத்தில் நிரப்பலாம்; மின்கலவடுக்கை அவ்வாறு நிரப்பவியலாது. பயணத்தின்போது 80 வரை ஏற்றிக்கொண்டு புறப்படுபவர் தமக்கும் நன்மை செய்கின்றார். பின்னால் நிற்பவருக்கும் நன்மை செய்கின்றார்.

நோர்வேயின் அனுபவம்

இம்மாற்றத்தைப் பெருமளவில் நிறைவேற்றிய நாடு நோர்வே ஆகும். அங்கு 2024 இல் விற்கப்பட்ட புதிய கார்களில் நூற்றுக்கு 89 அளவில் மின்கார்கள்; 2025 இல் அது 95 ஐக் கடந்தது. இது ஓரிரு ஆண்டுகளில் நிகழ்ந்ததன்று. 1990 இல் கொள்வனவு வரியிலிருந்தும், 2001 இல் பெறுமதி சேர் வரியிலிருந்தும் மின்கார்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்வலுவிலிருந்து பெறப்படுவதும், மக்களுட் பலர் தனிவீடுகளில் வாழ்வதும் சாதகமாயின. எண்ணெய் விற்றுச் செல்வம் பெற்ற நாடு தன் வீதிகளில் எண்ணெயைக் கைவிட்டது என்பது பலராற் சுட்டப்படும் முரண்பாடாகும்.

நாம் கருதவேண்டியது அங்கு ஏற்றம் எங்கு நிகழ்கின்றது என்பதையே. தனிவீடுடையோர் பெரும்பாலும் வீட்டிலேயே இரவில் ஏற்றிக்கொள்கின்றனர். விரைவுப்பொறிகள் நெடுஞ்சாலைகளுக்கும் விடுமுறைப் பயணங்களுக்கும் உரியவையாகின. பிரதான வீதிகளில் 50 கிலோமீற்றருக்கு ஒருமுறை விரைவுப்பொறிகள் அமையுமாறு அரசு முதலில் உதவித்தொகை வழங்கியது. வண்டிகள் பெருகியபின் தனியார் தாமாகவே முதலிட்டனர். பழைய எரிபொருள் நிறுவனங்களும் தம் நிலையங்களில் பொறிகளை நிறுவின. அரைமணி நேரம் நிற்கும் பயணி உணவும் தேநீரும் வாங்குவார் என்பதை அவை உணர்ந்தன.

இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு கம்பனியும் தனக்கெனத் தனி அட்டையும் தனிச் செயலியும் தனி விலைமுறையும் வைத்திருந்தமையால் பயணிகள் அல்லலுற்றனர். எரிபொருள் நிலையத்தில் இலீற்றர் விலை தூரத்திலேயே தெரியும். பணத்தைக் கொடுத்தால் எவருக்கும் பொருள் கிடைக்கும். மின்னேற்றத்தில் இந்த எளிமை இல்லாதிருந்தது. இறுதியில், 2023 ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் பொது விரைவுப்பொறிகள் சாதாரண வங்கி அட்டையை ஏற்கவேண்டும் என நோர்வே விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023 இல் நிறைவேற்றிய ஒழுங்குவிதியால், முதன்மைப் போக்குவரத்துப் பாதைகளில் 60 கிலோமீற்றருக்கு ஒருமுறை, குறைந்தது 400 கிலோவாற்றுக் கொண்ட நிலையம் 2025 இறுதிக்குள் அமையவேண்டும் எனக் கட்டளையிட்டது.

இணைப்பிகளின் வேறுபாடு மற்றொரு தடையாகும். பெற்றோல் குழாய் எந்த நாட்டுக் காருக்கும் பொருந்தும். யப்பானியர் வகுத்த சாடெமோ இணைப்பியும், ஐரோப்பியர் ஏற்ற சீசீஎஸ் இணைப்பியும், சீனரின் ஜீபீரீ இணைப்பியும் ஒன்றோடொன்று பொருந்தா. 2015 அளவில் இலங்கைக்கு வந்த நிசான் லீவ் கார்கள் சாடெமோ வகையின. அண்மையில் வரும் சீனக் கார்களோ பிறவகை இணைப்பிகளைக் கொண்டவை. நமது நெடுஞ்சாலைப் பொறியொன்றில் எக்குழாயை வைப்பது என்பது இன்றே தீர்க்கப்படவேண்டிய வினாவாகும்.

தரிப்பிடம் அற்றோர்

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. மின்காரின் நன்மைகளுள் தலையாயது வீட்டில் மலிவாக ஏற்றுவது. அதனைப் பெறுதற்கு வண்டியை நிறுத்த ஓரிடமும் அவ்விடத்தில் மின்னிணைப்பும் வேண்டும். எரிபொருள் நிலையம் இவ்வகையில் சமத்துவமானது. மாளிகையில் வாழ்பவரும் தொடர்மாடியின் ஏழாம் மாடியில் வாழ்பவரும் ஒரே பம்பியில் ஒரே விலைக்குப் பெற்றோல் வாங்குவர். மின்னேற்றத்திலோ வீட்டு முற்றம் உடையவர் வீட்டு மின்விலையில் ஏற்றுகின்றார். அஃதில்லாதவர் வணிகப் பொறியில் பன்மடங்கு விலை கொடுக்கின்றார். ஐக்கிய இராச்சியத்தில் 2024 இல் வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 5. பொதுப் பொறியில் ஏற்றுவோருக்கு அது 20. இல்லாதவனிடம் கூடுதலாக வாங்கும் இவ்வழக்கம் எவராலும் திட்டமிட்டு வகுக்கப்பட்டதன்று. ஆயினும் விளைவு அதுவே.

சில நாடுகள் இதனைச் சட்டத்தாற் சீர்செய்ய முயன்றுள்ளன. தொடர்மாடிகளிலும் கூட்டுறவு வீடமைப்புகளிலும் வாழ்பவர் தம் தரிப்பிடத்தில் மின்னேற்று வசதி கோரினால், தக்க காரணமின்றி மறுக்கலாகாது என்னும் உரிமை நோர்வேயில் உண்டு. ஜேர்மனியில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தொடர்மாடி உரிமையாளருக்கும் வாடகையாளருக்கும் இத்தகைய உரிமையை அளித்தது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் தரிப்பிடத்துடன் கட்டப்படும் புதிய வீடுகளுக்கு மின்னேற்றுப்பொறி கட்டாயமாக்கப்பட்டது. கட்டடம் எழும்பும்போதே கம்பிக்குழாய் பதித்தல் சிறு செலவு. பின்னர்ச் சுவரையும் தரையையும் உடைத்துப் பதித்தல் பெருஞ்செலவு. இவ்வெளிய உண்மையை நமது நகரசபைகளும் கட்டட விதிகளில் இணைத்துக்கொள்ளலாம்.

இலங்கையில் பகலும் இரவும்

நோர்வேயின் அனுபவத்தை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் பொருந்தாது. அங்கு நீர்வலு எந்நேரமும் கிடைக்கும். இரவிலே ஏற்றுதல் நன்று. நமது மின்சாரத்தின் நாளாந்த ஒழுங்கு வேறு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கேள்வி உச்சமடைகின்றது. நேரவாரிக் கட்டண முறையிலும் அதுவே அதிவிலை கொண்ட வேளையாகும். அந்நேரத்தில் எண்ணெய் எரித்து மின்பிறப்பிக்க வேண்டிய நிலையும் உண்டு. ஓர் இலட்சம் மின்கார்கள் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி 7.4 கிலோவாற்றுப் பொறிகளில் ஒருங்கே இணைக்கப்படுமாயின் 740 மெகாவாற்று வேண்டும். நுரைச்சோலையின் மூன்று பொறிகளும் சேர்ந்து தருவது 900 மெகாவாற்று. அவ்வாறாயின் பெற்றோல் எந்திரத்தில் எரியாத எண்ணெய், மின்நிலையத்தில் எரியும். அதே கார்கள் நள்ளிரவுக்குப் பின் சாதாரண மின்செருகியில் ஏற்றப்படின் 230 மெகாவாற்றே போதும்.

பகலிலோ நிலைமை தலைகீழாகின்றது. கூரைகளில் நிறுவப்பட்ட சூரியகலங்கள் பெருகியமையால், தொழிற்சாலைகள் மூடப்பட்ட விடுமுறை நாட்களின் நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டு ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியபோது, சூரியமின்னின் மிகுந்த பங்கும் வலையமைப்பின் உறுதியைக் குறைத்திருந்தது எனக் கூறப்பட்டது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மக்கள் வேண்டப்பட்டனர். வெயிலைப் பிடித்துத் தந்தவரிடம் வேண்டாம் எனக் கூறிவிட்டு, மாலையில் எண்ணெய் எரிப்பதிலும் பெரிய விரயம் பிறிதில்லை.

ஆகவே நமக்குரிய மின்னேற்று இடங்கள், பகலில் வண்டிகள் நிற்கும் இடங்களே: அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், பாடசாலைகள், புகையிரத நிலையங்கள், கோயில் வீதிகள், சந்தைகள். இவ்விடங்களில் விலையுயர்ந்த விரைவுப்பொறிகள் வேண்டியதில்லை. எட்டுமணி நேரம் நிற்கும் வண்டிக்கு 2.3 கிலோவாற்றுச் செருகியே நூறு கிலோமீற்றர் தந்துவிடும். ஒரு விரைவுப்பொறியின் விலைக்கு இத்தகைய செருகிகள் பலவற்றை நிறுவலாம். வீட்டில் தரிப்பிடம் இல்லாத ஊழியருக்கும் இது பயன்படும். பொறியியலின் வேண்டுகோளும் நீதியின் வேண்டுகோளும் ஒன்றாகும் அரிய இடம் இது.

நமது நாட்டின் பதிவுபெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள் என்பதையும் மறத்தலாகாது. அவற்றுக்கு வேண்டிய மின்கலவடுக்கு சிறியது. கழற்றி வீட்டினுள் எடுத்துச் சென்று ஏற்றக்கூடியது. தாய்வானில் 2015 முதல் கொகோரோ கம்பனி மின் ஸ்கூட்டர்களுக்கு வீதியோரப் பெட்டிகளில் மின்கலவடுக்கு மாற்றீட்டை வெற்றியுடன் நடத்தி வருகின்றது. கார்களுக்கு அதே முறையை மேற்கொண்ட பெற்றர் பிளேஸ் கம்பனி 2013 இல் முறிவடைந்தது. சிறு வண்டிக்கு எளிதானது பெரு வண்டிக்கு அரிதாகும் என்பதே இதன் பாடம்.

இடர்க்காலத்தில்

ஓர் ஏற்பாட்டின் தகுதியை இடர்க்காலத்தில் அறியலாம். இங்கு இருபக்கமும் கூறல் வேண்டும். திரவ எரிபொருளைப் போத்தலில் அடைத்துக் கொண்டுசெல்லலாம். 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் எந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டிய காலத்தை அறிந்தோர் பலர் நம்மிடையே உளர். வீதியோரத்தில் போத்தல்களில் எண்ணெய் விற்றவரே அன்றைய நிரப்பு நிலையம். மின்சாரத்தை அவ்வாறு போத்தலில் விற்க இயலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் பல மாவட்டங்கள் மின்னிழந்தபோதும் இவ்வேறுபாடு உணரப்பட்டது. ஆகவே நோயாளர் வண்டி, மீட்புப் பணி வண்டி ஆகியவற்றுக்கு எரிபொருட் தேக்கம் நெடுங்காலம் வேண்டப்படும்.

மறுபுறம், எரிபொருள் நிலையத்தின் பம்பியும் மின்சாரத்தினாலேயே இயங்குகின்றது. பிறப்பாக்கி இல்லாத நிலையம் மின்தடையில் பயனற்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு நிலவியது. அப்போதும் எஞ்சிய 11 மணியில் மூன்றுமணி ஏற்றினால் மின்கார் 40 கிலோமீற்றர் ஓடியிருக்கும். பெற்றோலுக்கு நின்றவரோ மூன்று நாள் நின்றும் வெறுங்கையுடன் திரும்பினார். கூரையிற் சூரியகலமும் அதற்கேற்ற சேமிப்பும் உடைய வீட்டுக்கு அத்தடையும் பெரிதன்று. எண்ணெய் முழுவதும் கடல்கடந்து வருவது. வெயிலுக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

நிலத்துக்கு நேரும் கேட்டையும் கணக்கிற் கொள்ளல் தகும். நிலத்தடித் தாங்கிகளின் கசிவு கண்ணுக்குத் தெரியாமற் பரவும். சுண்ணக்கற்பாறைமேல் அமைந்து கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலத்தல் எத்தகைய அச்சத்தை விளைவிக்கும் என்பதை, மின்நிலையக் கழிவெண்ணெயால் அல்லலுற்ற சுன்னாகத்து மக்கள் அறிவர். மின்னேற்று இடத்தின் ஆபத்துகள் வேறுவகையின: பிழையான புவித்தொடுப்பு, பழைய கம்பிகளின் சூடேற்றம், மின்கலவடுக்கில் அரிதாகத் தோன்றினும் அணைத்தற்கரிய தீ. தகுதியற்றவர் பொருத்தும் வீட்டுச் சுற்றுகளே நமது சூழலில் முதலில் கவனிக்கப்படவேண்டியவை.

முடிவுரை

எரிபொருள் நிலையம் குறுகிய நேரத்தில் பெருஞ்சக்தியை எவருக்கும் ஒரே விலையில் வழங்குகின்றது. அதன் விலையாக நாம் கடல்கடந்த எண்ணெயையும் வரிசையையும் ஏற்கின்றோம். மின்னேற்றம் சிறு வலுவை நீண்ட நேரத்தில், வண்டி நிற்கும் இடத்திலேயே வழங்குகின்றது. அதன் விலை, நிற்பதற்கு ஓரிடம். எனவே ‘எத்தனை நிலையங்கள் வேண்டும்?’ என்னும் வினாவை விடுத்து, ‘வண்டிகள் எங்கே, எந்நேரத்தில், எவ்வளவு நேரம் நிற்கின்றன? நிற்க இடமற்றோர் யாவர்?’ என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். நெடுஞ்சாலைகளில் அளவான விரைவுப்பொறிகள், வேலைத்தலங்களில் பகல்நேரச் செருகிகள், தொடர்மாடிகளுக்குச் சட்டவழி உரிமை, எல்லாப் பொறிகளுக்கும் பொது இணைப்பியும் வெளிப்படையான விலையும் என்பன அவ்வினாக்களிலிருந்து பிறக்கும் விடைகளாகும்.

2022 இன் வரிசைகளில் நின்றோருள் முதலில் நின்றவரும் நெடுநேரம் நின்றவரும் நாட்கூலிக்கு முச்சக்கர வண்டி ஓட்டியவர்களே. இனி அமையும் ஏற்பாட்டிலும் அவர்களே கடைசியில் நிற்பார்களாயின், எண்ணெயை மாற்றினோமேயன்றி வரிசையை மாற்றினோம் ஆகோம்.